மாசிலாமணியின் தோப்பு

செவ்வாய்க் கிரகத்தில் குருவம்மாள் என்று ஒருவர் இருந்தார். அது பட்டமில்லை, பெயர்தான். விளாத்திகுளம் பக்கத்துப் பிறப்பு. குலசாமியின் பெயரை வைத்திருந்தார்கள்.

முதல் கப்பலில் வந்து இறங்கியவர் அவர். அங்குள்ள செம்மண்ணில் நச்சு உப்பு கலந்து கிடக்கிறது. அதைக் கழுவிக் கழுவி, மூன்று வருஷம் பாடுபட்டு, ஒரு தொட்டியில் சிறுகீரை முளைக்கவைத்தார். அதற்குப் பிறகு எல்லோரும் அவர் பெயரைப் பட்டம் போலவே சொல்லத் தொடங்கினார்கள்.

அவரிடம் சீடனாகச் சேர்ந்தவன் மாசிலாமணி. குருவைவிடப் பதினோரு வயது மூத்தவன். திருவெறும்பூரில் இருபது வருஷம் கொதிகலன் செய்துவிட்டு வந்தவன். இரும்பில் ஊசிமுனைத் துளை இருந்தாலும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவான்.

குடியேற வந்தவர்களுக்கான முதல் கண்ணாடிக் கூடத்தைக் கட்டியது அவன்தான். வெளியே மூச்சுவிட முடியாத காற்று, எலும்பை உடைக்கும் குளிர். உள்ளே பூமியின் காற்று, பூமியின் வெதுவெதுப்பு, கழுவிய மண், எட்டாயிரம் செடி. நான்கு மாதம் நன்றாகத்தான் போயிற்று. ஐந்தாம் மாதம் அவரைக்கொடி இலைகளில் துருநோய் வந்தது. மேற்பார்வைக்குப் போன ஒருவரின் சட்டையில் ஒட்டிவந்த பூஞ்சை என்று பிறகு தெரிந்தது. பதினெட்டு நாளில் பச்சை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

மாசிலாமணி தன் கையாலேயே அந்தக் கூடத்தைப் பூட்டினான். பிறகு நேராகக் குருவம்மாளிடம் போனான்.

"எனக்கு இரும்பு தெரியும்மா. உயிர் தெரியல. கத்துக்கொடுங்க."

"நான் வயசுல சின்னவ, அண்ணாச்சி."

"தெரியும்."

குருவம்மாள் கையிலிருந்த மண்வெட்டியை அவனிடம் நீட்டினார். அவ்வளவுதான் தீட்சை.

இரண்டு வருஷத்தில் மாசிலாமணி இரண்டாவது கூடத்தை எழுப்பினான். அதே எட்டாயிரம் செடி. அவரை, தக்காளி, சோளம், கத்தரி, ஓரமாக ஒரு வரிசை முருங்கை. மக்கள் அதைத் தோப்பு என்றார்கள். ஆனால் ஒருவரும் உள்ளே போனதில்லை. ஐம்பத்தெட்டு பேரும் தரைக்கடியில் வெட்டிய நிலவறையில் வாழ்ந்தார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு தடித்த ஜன்னல் இருந்தது. அதன் வழியே பச்சையைப் பார்த்தபடி பெட்டி உணவைச் சாப்பிடுவதோடு சரி.

மாசிலாமணி மட்டும் உள்ளே போவான். அதுவும் முழுக்கவசம் போட்டு, மருந்து நீரில் நனைந்து, முதுகில் தன் காற்றைத் தானே சுமந்துகொண்டு. உதிர்ந்த இலை ஒன்று கிடந்தாலும் பொறுக்கிப் பையில் போட்டு, முத்திரை வைத்து, வெளிப் பனியில் எறிந்துவிடுவான். அழுகல் என்ற பேச்சே அங்கே இல்லை.

ஒருமுறை குருவம்மாள் கேட்டார். "எப்பத் திறப்பீக?"

"எல்லாம் நிலையானதும் திறந்துடலாம்மா."

"எல்லாம்னா?"

"எல்லாமேதான்."

குருவம்மாள் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். தடுக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. மாசிலாமணிக்கு அது உறுத்தலாகத்தான் இருந்தது.

தோப்புக்கு இரண்டு வயதான வருஷம் பெரிய புழுதிப் புயல் வந்தது. ஆறு வாரம் வானம் தெரியவில்லை. அணு உலை ஓடியதால் விளக்குக்குக் குறைவில்லை. ஆனால் மாவு போன்ற புழுதி இரண்டு இயந்திரங்களில் புகுந்து அவற்றை நிறுத்திவிட்டது.

ஒன்று தோப்பின் கம்ப்ரசர். வெளிக்காற்றில் இருப்பது பெரும்பாலும் கரியமிலவாயு. அதை உறிஞ்சி, வடிகட்டி, செடிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது அதுதான். செடிக்கு அதுவே சோறு.

இன்னொன்று நிலவறைக் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம். மூச்சிழுக்கப் பிராணவாயு வேண்டிய மட்டும் இருந்தது, பனிக்கட்டியை உருக்கி, நீரை மின்சாரத்தால் பிளந்து எடுத்தார்கள். விட்ட மூச்சை எங்கே போடுவது என்பதுதான் சிக்கல்.

மாற்று உறுப்புகள் அடுத்த கப்பலில் வரும். அதற்கு ஏழு மாதம் இருந்தது.

"கையிருப்புல இருக்கிற வடிகட்டிப் பெட்டி பதினாறு நாள் தாங்கும்" என்றார் டாக்டர் லூர்து. அவர் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்பவர் அல்ல.

மாசிலாமணி இரண்டு அளவுகருவிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மேலே செடிகள் பட்டினி. கீழே மனிதர்களுக்குத் திகட்டல். அவன் மூடனல்ல, உடனே புரிந்தது.

குருவம்மாளிடம் ஓடினான். "கீழ இருக்கிற கெட்ட காத்தைக் குழாய் வழியா மேல ஏத்திடறேன். நடுவுல நல்ல வடிகட்டி வச்சா பூஞ்சை போகாது."

"போடுங்க" என்றார் குருவம்மாள்.

பன்னிரண்டு நாள் தூக்கத்தை மறந்து வேலை செய்தான். குழாய் அழகாகத்தான் அமைந்தது. ஆனால் பூஞ்சை நுழையாத அளவுக்கு நெருக்கமான வடிகட்டியில் காற்றும் நுழையவில்லை. மறுமுனையில் கையை வைத்தால் எறும்பு ஊர்வது போல இருந்தது. துளையைப் பெரிதாக்கினால் காற்று வரும், காற்றோடு நோயும் வரும்.

பதின்மூன்றாம் நாள் டாக்டர் லூர்து வந்தார்.

"வடிகட்டிப் பெட்டியை மிச்சம்பிடிச்சு ஓட்டறோம். கீழ எல்லாருக்கும் தலைவலி. மூணு பேர் வாந்தி எடுத்தாச்சு. ஜரினாவை வந்து பாருங்க."

ஜரினா சுரங்கம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவள். ஏழு மாதக் கர்ப்பம். இடதுபக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். பேசும்போது இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள்.

"பயப்படாதீங்க மாசிலாமணி சார்" என்றாள். "நான் பூமிக்கடியிலயே... வேலை பாத்தவ. தாங்கிருவேன்."

மாசிலாமணி அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தான்.

"கதவைத் திறந்துவிட்டா என்ன?" என்றார் டாக்டர்.

"தோப்பு செத்துடும் டாக்டர்."

"திறக்காட்டி?"

"அதுவும் வாடிட்டுத்தான் இருக்கு. ஆனா உசுரோட இருக்கு. நோய் புகுந்துட்டா பதினெட்டே நாள். பெட்டி உணவு ரெண்டு மாசத்துக்குத்தான் வரும். தோப்பை நம்பித்தான் மிச்ச அஞ்சு மாசம். அது போயிட்டா எல்லாரும் போறோம்."

அவன் சொன்னதில் பிழை இல்லை.

குருவம்மாள் நிலவறையின் ஒரு மூலையில் வாந்தி எடுத்தவர்களின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். மாசிலாமணி எதிரே போய் நின்றான்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தோப்பைக் காப்பாத்தறதா? ஜனங்களைக் காப்பாத்தறதா?"

குருவம்மாள் துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டார். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பிறகு தோப்புக்கு ஏறும் பாதையில் நடக்கத் தொடங்கினார்.

மாசிலாமணி பின்னால் போனான். ஏதோ காட்டப்போகிறார் என்றுதான் நினைத்தான். கவசங்கள் தொங்கும் அறை வந்தது. குருவம்மாள் கவசத்தை எடுக்கவில்லை. மருந்து நீர் அறை வந்தது. அங்கேயும் நிற்கவில்லை. மாசிலாமணி நுழையும் சிறு கதவைத் திறந்துகொண்டு, அலசிய துணியின் ஈரம் பட்ட அதே புடவையோடு, வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார்.

கவசத்தை மாட்டி, காற்றைத் திருகி, மாசிலாமணி உள்ளே போய்ச் சேர்வதற்குள் குருவம்மாள் அவரைப் பந்தலின் கீழே உட்கார்ந்திருந்தார். இலைகள் வெளிறித் தொங்கின.

"அம்மா, தயவுசெஞ்சு வெளிய வாங்க." கவசத்தின் ஒலிபெருக்கியில் அவன் குரல் தகரம் போல ஒலித்தது. "முதல் கூடம் எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியும்."

"எப்படிப் போச்சு?"

"ஒருத்தர் சட்டையில நோய் வந்துச்சு."

"அது நோய் வந்த கதை. கூடம் போன கதையைச் சொல்லுங்க."

மாசிலாமணிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

"இலையில புள்ளி விழுந்ததை என்னிக்கிப் பாத்தீக?"

"பதினோராம் நாள்."

"விழுந்தது என்னிக்கி?"

"முதல் நாளோ, ரெண்டாம் நாளோ."

"நடுவுல யாரு பாத்தா?"

"கேமரா இருந்துச்சும்மா. எட்டு கேமரா."

"யாரு பாத்தா அண்ணாச்சி?"

எட்டாயிரம் செடி. ஒவ்வொன்றிலும் நூறு இலை. இலைக்கு அடிப்புறம் என்று ஒன்று இருக்கிறது.

"நான் ஒருத்தன்தான்" என்றான்.

குருவம்மாள் பந்தலில் தொங்கிய ஓர் இலையைத் திருப்பி அதன் அடிப்புறத்தைப் பார்த்தார். அடுத்த இலையைத் திருப்பினார். அவசரமே இல்லாமல், எதிரே ஒருவன் நிற்கிறான் என்பதையே மறந்தவர் போல.

இலையைத் திருப்பியபடியே கேட்டார். "ரெண்டு வருஷமா இதுக்குள்ள நடக்கீக. இங்க என்ன வாசனை அடிக்குது?"

அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு செடியின் உயரமும், ஒவ்வொரு பாத்தியின் ஈரமும் மனப்பாடம். வாசனை தெரியவில்லை.

மாசிலாமணி கைகளைத் தூக்கித் தலைக்கவசத்தின் இரண்டு பூட்டுகளையும் விடுவித்தான். கழற்றிப் பாத்தியின் மேல் வைத்தான். முதலில் தக்காளித் தண்டின் காரமான பச்சை வாடை ஏறியது. அடுத்து அவரைப் பூ. அதற்கும் அடியில், ஈரத்தில் ஊறிய இரும்பு போல அந்த மண். அவன் நெஞ்சு நிறைய இழுத்தான். பிறகு, வேறு வழி இல்லையே, விட்டான். விட்ட மூச்சு பக்கத்து இலையில் மெல்லிய ஈரமாகப் படிந்தது. அந்த இலை நாள்கணக்காகக் காணாத சோறு அது.

"நோய் வந்தா?" என்றான். இப்போது அவன் குரல் தகரமாக இல்லை.

"வரும்."

"வந்தா என்ன செய்யறது?"

"நூத்திப் பதினாறு கண்ணு கீழ கிடந்து தலைவலியில துடிக்குது. நம்ம ரெண்டு பேர் கண்ணும் அதுல சேத்தி."

மாசிலாமணி திரும்பினான். கருவிப் பெட்டியிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்தான்.

நிலவறைக்கும் தோப்புக்கும் நடுவே ஒரு பெரிய கதவு உண்டு. என்றைக்கோ ஒருநாள் திறப்பதற்காக அவனே வைத்த கதவு. எட்டு போல்ட். அவன் முறுக்கிய முறுக்கை அவனே தளர்த்த வேண்டியிருந்தது. எட்டாவது போல்ட் வரும்போது கைத்தோல் உரிந்து ரத்தம் வந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினான்.

கீழிருந்து வெப்பமும் வியர்வையும் கலந்த காற்று அலையாக ஏறி அவன் முகத்தில் அடித்தது. அது அவனைக் கடந்து உள்ளே போனது. அசைவே அறியாத அவரைக் கொடிகள் முதல்முறையாக அசைந்தன.

"ஜரினாவை முதல்ல கூட்டிட்டு வாங்க" என்றான் மாசிலாமணி.

டாக்டரும் இன்னொருவரும் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். வாசலில் நின்றுவிட்டாள். ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்த பச்சை நாலாபுறமும் இருந்தது. செருப்பைக் கழற்றினாள். இன்னொரு அடி வைத்தாள். மண்ணில் கால் புதைந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலேயே ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர் சோளத்தட்டையைக் கட்டிக்கொண்டு நின்றார். இருவர் முருங்கையடியில் படுத்து அப்படியே தூங்கிப்போனார்கள்.

இரண்டாம் நாள் தலைவலி என்று யாரும் டாக்டரிடம் வரவில்லை. நான்காம் நாள் அவரை இலைகள் நிமிர்ந்தன. பத்தாம் நாள் தக்காளியில் புதுத் துளிர். வெளிப்பனியில் எறிந்து கிடந்த இலைப் பைகளை எல்லாம் மாசிலாமணி திரும்ப எடுத்துவரச் சொன்னான். இரண்டு வருஷத்துச் சருகு ஒரு மூலையில் குவிந்து, கதகதப்பாக அழுகத் தொடங்கியது. அதுவும் மூச்சுவிட்டது. காலையில் எழுந்ததும் அவன் முதலில் பார்ப்பது அந்தக் குவியலைத்தான்.

நாற்பத்தோராம் நாள் நோய் வந்தது.

பார்த்தவள் ஜரினா. வயிறு கனத்து நடக்க முடியாமல், பகலெல்லாம் அவரைப் பந்தலடியில் உட்கார்ந்து இலைகளைத் திருப்பிப் பார்ப்பதே அவள் வேலையாக இருந்தது.

"சார், இங்க வாங்க" என்றாள்.

இலையின் அடிப்புறத்தில் மூன்று பழுப்புப் புள்ளி. கடுகைவிடச் சின்னது. மாசிலாமணிக்கு அதைத் தெரியாதா என்ன. அவன் நிமிர்ந்து பார்த்தபோது ஐம்பது பேர் ஏற்கெனவே சுற்றி நின்றிருந்தார்கள். புள்ளியை ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்து பார்த்து, முகத்தை மனதில் பதித்துக்கொள்வது போலப் பதித்துக்கொண்டார்கள். பிறகு வரிசைக்கு இருவராகப் பிரிந்து போனார்கள்.

இரண்டு பகல் முழுக்க இலை இலையாகத் திருப்பினார்கள். சமையல்காரர், கணிப்பொறி பார்ப்பவர், டாக்டர், எல்லோரும். தொண்ணூற்றாறு செடிகளைப் பிடுங்கிச் சூளையில் போட்டு எரித்தார்கள். எரித்துவிட்டு மாசிலாமணி நாளை எண்ணத் தொடங்கினான்.

பதினோராம் நாள் ஒன்றும் இல்லை. பதினைந்தாம் நாள் ஒரே ஓர் இலையில் ஒரே ஒரு புள்ளி, அதையும் பார்த்து, அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டார்கள். பதினெட்டாம் நாள் அவன் சாப்பிடவில்லை. பத்தொன்பதாம் நாள் காலை தோப்புக்குள் போனான். எட்டாயிரத்தில் தொண்ணூற்றேழு குறைய, மிச்சமெல்லாம் நின்றிருந்தது. பிடுங்கிய இடங்களில் யாரோ புது விதை ஊன்றியிருந்தார்கள். மாசிலாமணி வரப்பில் உட்கார்ந்தான். யாரும் பக்கத்தில் இல்லாததால் நிதானமாக அழுதான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனான்.

அந்த மாதமே ஜரினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, தோப்பில்தான். ஐம்பத்தொன்பது பேரானார்கள். சோளம் விளைந்தது. பெட்டி உணவு தீர்ந்த அன்று யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. ஏழாம் மாதம் கப்பல் வந்து கம்ப்ரசர் உறுப்புகளை இறக்கியது. மாசிலாமணி பெட்டியைப் பிரிக்காமல் கிடங்கில் கொண்டுபோய் வைத்தான்.

அதே கப்பலில் புதிதாக நூற்றிருபது பேர் வந்தார்கள். அவர்களுக்காக மூன்றாவது கூடம். முந்தையதைப் போல இரண்டு மடங்கு. இம்முறை மாசிலாமணி தனியாகக் கட்டவில்லை. ஒரு வருஷத்தில் கண்ணாடி ஏறியது, காற்று நிறைந்தது, பயிர் முழங்கால் உயரம் வளர்ந்தது. எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு திறக்கும் நாளுக்குக் காத்திருந்தார்கள்.

ஆனால் மாசிலாமணிக்கு மனம் ஒப்பவில்லை. இன்னும் ஒரு நாள் பார்த்துவிடலாம் என்றான். மறுநாளும் அதையே சொன்னான். அப்படியே ஒன்பது நாள் போயிற்று. கடைசியில் குருவம்மாளை அழைத்து வந்தான்.

இருவரும் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தார்கள். மாசிலாமணி சொல்லிக்கொண்டே வந்தான். காற்றழுத்தம் இவ்வளவு, ஈரம் இவ்வளவு, மண்ணில் உப்பு துளியும் இல்லை, வெப்பம் ஒரு டிகிரிகூட ஏறி இறங்கவில்லை. குருவம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கத்தரிப் பூவைத் தொட்டுப் பார்த்தார். வாய்க்கால் நீரை அள்ளி முகர்ந்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

"குறை ஏதாவது தெரிஞ்சா இப்பவே சொல்லிடுங்கம்மா. நீங்க சரின்னு சொன்ன பிறகுதான் ஆட்களை விடணும்னு வச்சிருக்கேன்."

குருவம்மாள் நடையை நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். மாசிலாமணியும் மூச்சடக்கி நின்றான். அத்தனை பெரிய கூடத்தில் ஒரு சிறு சத்தம்கூட இல்லை.

"குறைன்னா, ஒருத்தரும் தும்மக் காணமே, அண்ணாச்சி" என்றார் குருவம்மாள்.